தேதி விழாத படங்கள்

கொல்கத்தாவுக்குத் தெற்கே, கேமராவுடன் ஒரு கடலோரப் பயணம்

என்னிடம் இரண்டு புகைப்படங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே மாதத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுத்தவை. முதலாவது 2019 ஜனவரி. விடியற்காலை, பக்காலி கடற்கரை, வரிசையாகச் சவுக்கு மரங்கள், அவற்றுக்குப் பின்னால் பனிமூட்டத்தில் கரைந்துபோன வானம். இரண்டாவது 2023 ஜனவரி. அதே கரை. சவுக்குகளில் பல சாய்ந்து, வேர்கள் வானத்தைப் பார்த்துக் கிடக்கின்றன. ஈர மணல் கண்ணாடி போல அந்த வேர்களைத் தலைகீழாகக் காட்டுகிறது. உண்மையைச் சொல்வதானால் இரண்டாவதுதான் நல்ல படம். பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள். ஒருவர் சட்டம் போட்டு மாட்டுவதற்கு ஒரு பிரதி கேட்டார்.

அந்தப் பாராட்டு எனக்கு ஒரு வாரம்கூட இனிக்கவில்லை.

கொல்கத்தாவில் நான் தங்குவது லேக் மார்க்கெட் பக்கத்தில், சித்தப்பா வீட்டில். காபிப் பொடியும் வாழையிலையும் மல்லிகைச் சரமும் தட்டில்லாமல் கிடைக்கிற, தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் புழங்கும் வட்டாரம். சித்தப்பாவின் கூடத்தில் பல வருடங்களாக ஒரு காலண்டர் படம் தொங்குகிறது. தேதித்தாள்களெல்லாம் எப்போதோ கிழிக்கப்பட்டுவிட்டன. படம் மட்டும் மிச்சம். நார்வே நாட்டுக் கடலோரம்: கருநீலத் தண்ணீர், செங்குத்தான பாறை, அதன் காலடியில் சிவப்புச் சாயம் பூசிய மரவீடு. நான் எடுத்துவரும் வங்காளக் கடலின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார். “என்னடா இது, தண்ணி காபி மாதிரி இருக்கு?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடலோரப் புகைப்படம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்த வடதேசத்துப் பாறைக் கரைதான். அங்கே பாறை அசையாது, வெளிச்சம்தான் மாறும். முக்காலியை ஊன்றிவிட்டு நல்ல வெளிச்சத்துக்காக நாள்கணக்கில் காத்திருக்கலாம். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே குவார்க்கன் என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே நிலம் இன்னும் தாராளம். பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் கனத்த பனியின் பாரத்தில் அமுங்கிப்போன தரை, பனி உருகி ஆயிரக்கணக்கான வருடங்களாகியும் இன்னமும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது. வருடத்துக்குச் சுமார் 8 மில்லிமீட்டர். இதனால் ஆண்டுதோறும் ஒரு சதுர கிலோமீட்டர் அளவுக்குப் புது நிலம் கடலிலிருந்து தலைதூக்குகிறது. படகுத் துறைகள் கரையேறிவிடுவதால் வேறு இடம் தேட வேண்டியிருக்கிறது. இந்த அதிசயத்துக்காகவே 2006-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வங்காளக் கரையில் கணக்கு நேர்மாறு.

அந்தக் கணக்கின் முதல் வரியைப் படிக்க கொல்கத்தாவை விட்டு வெளியே போகக்கூட வேண்டாம். நகரம் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. இருந்தும் பாபு காட் படித்துறையில் ஒரு பகல் உட்கார்ந்திருந்தால், தெற்கே ஓடிக்கொண்டிருந்த ஹூக்ளி நின்று, யோசித்து, வடக்கே திரும்பி ஓடுவதைப் பார்க்கலாம். நங்கூரமிட்ட படகுகள் அப்படியே முகம் திருப்பிக்கொள்ளும். ஏறும் ஓதத்துக்கு ‘ஜோவார்’, வற்றும் ஓதத்துக்கு ‘பாட்டா’. மெரினாவில் வளர்ந்தவனுக்கு இது புதுசு. சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான், யாரும் கவனிப்பதுகூட இல்லை. வங்காள விரிகுடாவின் தலைமாட்டில் கடல் ஆழமில்லாமல், புனல் போலக் குறுகுகிறது. உள்ளே நுழைந்த தண்ணீருக்குப் பரவ இடமில்லாததால் உயரத்தான் வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஓதங்களில் சாகர் தீவுப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 5 மீட்டர் வரை வித்தியாசம் வருகிறது. ஒன்றரை மாடி உயரம்!

சியால்தா ஸ்டேஷனின் தெற்குப் பிரிவிலிருந்து நாம்கானா லோக்கலில் ஏறினால் மூன்று மணி நேரப் பயணம். பாருய்ப்பூரில் கொய்யாக் கூடைகள் ஏறும். ஜெயநகரில், குளிர்காலமாக இருந்தால், ‘மோவா’ விற்பவர்கள் ஏறுவார்கள். கனக்சூர் நெல்லின் பொரியைப் பேரீச்சை வெல்லத்தில் பிடித்த உருண்டை. நம் ஊர்க் கார்த்திகைப் பொரியுருண்டைக்கு மூத்த சகோதரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் பல்லைச் சோதிக்காது. நாம்கானாவில் ஹாதானியா-தோவானியா ஆற்றைத் தாண்ட வேண்டும். முன்பு பஸ்ஸையே மிதவையில் ஏற்றிக் கடத்துவார்கள். இப்போது பாலம் வந்துவிட்டது. அதைத் தாண்டினால் பக்காலியும் பிரேசர்கஞ்சும். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஆண்ட்ரூ பிரேசரின் பெயர் ஒட்டிக்கொண்ட ஊர் அது.

பக்காலியை அடுத்த ஹென்றி தீவில்தான் கேமராவுக்கு நிஜமான வேலை. மீன்வளத் துறையின் குளங்களைத் தாண்டி, அலையாத்திக் காட்டின் நடுவே போகும் பாதை திடீரென்று ஒரு வெறிச்சோடிய கரையில் விட்டுவிடுகிறது. மணல் முழுக்கச் சிவப்புக் கம்பளம் விரித்தாற்போல் தெரிகிறது. இரண்டு அடி எடுத்து வைத்ததும் கம்பளத்தைக் காணோம்! லட்சக்கணக்கான செந்நண்டுகள், காலடி அதிர்வு கேட்டதும் வளைக்குள் போய்விடுகின்றன. துரத்திப் பயனில்லை. ஈர மணலில் குப்புறப் படுத்து, கேமராவைத் தரையோடு வைத்து, அசையாமல் கிடக்க வேண்டும். கால்மணி நேரத்தில் முதல் நண்டு இரண்டு கண்களை மட்டும் காம்பு போல வெளியே நீட்டிப் பார்க்கும். இன்னொரு பத்து நிமிடம் கழித்து உங்களைக் கரையொதுங்கிய கட்டை என்று தீர்மானித்துவிடும். என் வாழ்க்கையில் இத்தனை கண்டிப்பான தேர்வாளர்களை வேறெங்கும் சந்தித்ததில்லை.

சேற்றுப் பரப்பு இன்னும் கடினம். வற்றம் ஆரம்பித்ததும் வெளிப்படும் வழவழப்பான சேற்றில், துடுப்புகளை ஊன்றித் தாவும் சேற்று மீன்கள். ஒற்றைக் கொடுக்கை மட்டும் பெரிதாக வளர்த்து வைத்துக்கொண்டு ஆட்டி ஆட்டிப் பெண்ணை அழைக்கும் ஆண் நண்டுகள். வெளிச்சம் கிடைப்பது காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். நடுப்பகலில் பழுப்புத் தண்ணீரும் வெளுத்த வானமும் ஒன்றாகி அடிவானமே மறைந்துவிடும். இங்கே வந்து நீலக்கடலைத் தேடுகிற போட்டோகிராபர் ஏமாந்துதான் போவார். அந்தப் பழுப்பு அழுக்கல்ல. இமயத்திலிருந்து கங்கை சுமந்து வந்த மண். சுந்தரவனம் முழுவதும் அந்த மண்ணால் ஆனதுதான்.

இந்தக் காட்டில் தமிழனுக்கு ஒரு பழைய அறிமுகமும் காத்திருக்கிறது. குளிர்காலத்தில் இலை சிவந்து நிற்கும் ஒரு மரத்தைக் காட்டி, கூட வந்த உள்ளூர்க்காரர், “இது கேவா. பாலைக் கையில் தொடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்” என்றார். அட, நம் தில்லை! சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம். கோயிலைச் சுற்றி இருந்ததாகச் சொல்லப்படும் தில்லை வனம் போய்விட்டது. இன்று அந்த மரத்தைப் பார்க்கப் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். இங்கே அது வேலியோரத்தில் சர்வசாதாரணமாக நிற்கிறது. மற்றவற்றின் பெயர்களையும் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பாயின், கரான், கேவ்ரா, முள்ளோடு நிற்கும் ஹேந்தால் ஈச்சை. பெயர் கொடுத்த சுந்தரி மரம் மட்டும் இந்த உப்பில் அவ்வளவாகத் தழைப்பதில்லை. நல்ல தண்ணீர் கூடுதலாக வரும் கிழக்கே, வங்கதேசத்துப் பக்கம்தான் அதற்குச் சுகம்.

2020 மே 20-ந் தேதி உம்பன் புயல் இந்தக் கரைவழியாகத்தான் நிலத்தில் ஏறியது. கொல்கத்தாவிலேயே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சித்தப்பா வீட்டுத் தெருவில் வயதான ஒரு கொன்றை மரம் மின்கம்பத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்து, நாலு நாள் மின்சாரம் இல்லை. அந்தக் கதையைச் சித்தப்பா இன்றும் சொல்வார். அலையாத்திக் காடு குறுக்கே நின்று காற்றை வாங்கிக்கொண்டதற்குப் பிறகு நகரத்துக்கு வந்து சேர்ந்தது அவ்வளவு. காட்டுக்கு முன்னால் நின்ற பக்காலிச் சவுக்குகளின் கதி என்னவாகியிருக்கும் என்பதற்குத்தான் என் இரண்டாவது படம் சாட்சி.

அந்தப் படம் எடுத்த காலையை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சட்டகத்தின் வலது ஓரத்தில் நீலத் தார்பாய் போட்ட ஒரு டீக்கடை இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெண்மணி, விழுந்த மரத்தின் கிளைகளை அரிவாளால் கழித்து விறகுக் கட்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். தார்பாயின் நீலம் காட்சியைக் கெடுக்கிறது என்று நான் நாலு அடி இடது பக்கம் நகர்ந்தேன். அந்த நாலு அடிதான் படத்தை ‘நல்ல படம்’ ஆக்கியது.

இதை எனக்கு உணர்த்தியது கோராமாரா.

ஹூக்ளியின் முகத்துவாரத்தில், சாகர் தீவுக்கு வடக்கே உள்ள சின்னத் தீவு அது. பெயருக்கு ‘குதிரை செத்த இடம்’ என்று பொருள் சொல்கிறார்கள். அதை நான் முதலில் பார்த்தது தே-சங் லீ என்ற கொரியப் புகைப்படக்காரரின் படங்களில். அரித்துத் தின்னப்பட்ட நிலத்தின் மிச்சமாக நிற்கும் ஒரு மண் திட்டு. சுற்றிலும் தண்ணீர். திட்டின் மேல் அந்த ஊர்க்காரர் ஒருவர் நிற்கிறார், அல்லது உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். மறக்க முடியாத தொடர். அதைப் போல ஒன்றிரண்டு எடுத்துவிட வேண்டும் என்ற சபலம்தான் என்னை அங்கே இழுத்தது. ஒளித்து என்ன ஆகப்போகிறது.

அதே ரயில் பாதையில் காக்துவீப்பில் இறங்கி, டோட்டோ பிடித்தால் படகுத் துறை. துறையின் பெயர் ‘லாட் நம்பர் 8’. காட்டை அளந்து, எண் போட்டு, குத்தகைக்கு விட்ட கும்பினி ஆட்சியின் கணக்குப் புத்தகத்திலிருந்து நேராக ஊர்ப்பெயராகிவிட்டது. மகர சங்கராந்தியன்று, அதாவது நம் பொங்கலன்று, கங்காசாகரில் நீராடப் போகிற லட்சக்கணக்கான யாத்ரீகர்கள் இந்தத் துறைவழியாகத்தான் முரிகங்காவைக் கடக்கிறார்கள். நான் போனது திருவிழா முடிந்த மறு வாரம். பெரிய படகைப் பின்தொடர்ந்து நூற்றுக்கணக்கான கடற்காகங்கள் வந்தன. பயணிகள் வீசும் பொரியை அந்தரத்திலேயே கவ்விக்கொண்டன. குளிருக்குப் பயந்து வடக்கேயிருந்து வந்த விருந்தாளிகள். பக்திக்கும் பறவைக்கும் ஒரே பொரி.

கோராமாராவுக்குப் போவது சின்ன மோட்டார் படகு. ஓதம் பார்த்துத்தான் விடுவார்கள். 1970-களின் நடுவில் இந்தத் தீவின் பரப்பு 8 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. 2012 வாக்கில் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். பக்கத்தில் இருந்த லோஹாசாரா தீவு 1980-களிலும் 90-களிலும் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கிப்போனது. அங்கிருந்தவர்கள் சாகர் தீவில் குடியேறினார்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையினர் செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாக அடுக்கி வைத்துத்தான் இந்த இழப்பை அளந்தார்கள். அதுவும் புகைப்படக்கலைதான். என்னுடையதைவிட யோக்கியமானது.

எல்லாவற்றையும் ‘கடல்மட்டம் உயர்கிறது’ என்ற ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். அது உண்மை, ஆனால் முழு உண்மையல்ல. டெல்டா மண் தன் பாரத்திலேயே இறுகி அமுங்கும். அதை ஈடுகட்டுவது வருடந்தோறும் வெள்ளமும் ஓதமும் கொண்டுவந்து பரப்பும் புது வண்டல். குடியேறியவர்கள் உப்புத் தண்ணீர் வயலில் புகாமல் இருக்கக் கரை எழுப்பினார்கள். இந்தியப் பகுதியில் மட்டும் இந்த மண் கரைகளின் நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். கரை தண்ணீரைத் தடுத்தது, கூடவே வண்டலையும் தடுத்தது. வெளியே ஆற்றுப் படுகை உயர, உள்ளே வயல் தாழ்ந்தே கிடக்கிறது. முரிகங்காவின் ஓட்டம் திசை மாறித் தீவின் விலாவில் மோதுவது இன்னொரு காரணம். கரையில்லாமல் அங்கே வாழ முடியாது. கரை கட்டியதால் நிலம் வளரவில்லை. இந்தச் சிக்கலுக்கு எளிய விடை சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

2021 மே 26 அன்று யாஸ் புயல் ஒடிசாவில்தான் கரையேறியது. ஆனால் அன்று பௌர்ணமி. புயலும் ஓதமும் சேர்ந்துகொண்டு, கரையைத் தாண்டித் தீவையே மூழ்கடித்தன. உப்பேறிய வெற்றிலைக் கொடிக்கால்கள் கருகின. இந்தப் பக்கத்துத் தீவுகளின் பணப்பயிர் வெற்றிலைதான். ஓலையும் மூங்கிலும் கொண்டு நாலாபுறமும் அடைத்த கொடிக்கால் ஒன்று ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும்.

தீவின் மேற்கு ஓரத்தில் முக்காலியை ஊன்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். லுங்கி, தோளில் கம்சா துண்டு. “தாதா, படம் எடுப்பவரா? என் வீட்டை ஒன்று எடுத்துத் தருவீர்களா?”

எடுத்தேன். பூசணிக்கொடி ஏறிய கூரை, திண்ணையில் சாய்ந்த வெயில், பின்னால் தென்னைகள். திரையில் காட்டினேன். அவர் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

“அழகாக இருக்கிறது. ஆனால் இது வேண்டாம். கீழே சேற்றில் இறங்கி, ஆற்றுப் பக்கத்திலிருந்து எடுங்கள். வீடும் தெரிய வேண்டும், உடைந்த கரையும் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவே எத்தனை அடி என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.”

மாற்று இடம் கேட்டு மனு போட்டிருக்கிறாராம். சொன்னால் நம்பமாட்டார்கள், படம் இருந்தால் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். வற்றம் இருந்ததால் இறங்கினேன். முழங்கால் வரை சேறு. அங்கிருந்து பார்த்தபோது, மேலே நின்று நான் பார்க்காதது தெரிந்தது: கரை குடைந்து கூரை போல நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து வீட்டுத் திண்ணை முப்பது அடிகூட இல்லை. அகல லென்ஸைப் போட்டேன். வெளிச்சம் முகத்துக்கு நேரே, மிக மோசம்.

மேலேயிருந்து கேட்டார்: “தாதா, தேதி விழுமா?”

பிலிம் கேமரா காலத்தில் சில மாடல்களில் படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழும். கல்யாண ஆல்பங்களில் பார்த்திருப்பீர்கள். புகைப்படப் போட்டி நடுவர்களுக்கு அந்த எண்களைக் கண்டாலே ஆகாது. அதனால் கேமரா வாங்கியதும் நான் முதலில் செய்கிற காரியம் அந்த வசதியை அணைப்பதுதான். இப்போதைய என் கேமராவில் அது இல்லவே இல்லை. “தேதி உள்ளே பதிந்திருக்கும், கம்ப்யூட்டரில் பார்த்தால் தெரியும்” என்றேன்.

“உள்ளே இருந்தால் ஆபீசில் யார் பார்க்கப் போகிறார்கள்?”

பதில் இல்லை. அவரே யோசித்து வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். ஏழெட்டு வயதுப் பேத்தி ஒரு சிலேட்டோடு ஓடி வந்தாள். சாக்பீஸால் வங்காள எண்களில் அன்றைய தேதியைப் பெரிதாக எழுதினார். அவளை விளிம்புக்கு மிக அருகில் போகவிடாமல், ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். அவள் சிலேட்டை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் முன்வரிசைப் பிள்ளை வகுப்புப் பலகையைப் பிடிக்குமே, அப்படி. ஐந்து படங்கள் எடுத்தேன். திட்டின் மேல் ஒற்றை மனிதர் நிற்கும் படம் ஒன்றுகூட எடுக்கத் தோன்றவில்லை.

கொல்கத்தா திரும்பிய மறுநாள், மெட்ரோ சினிமா பக்கத்துச் சந்தில் இருக்கும் கேமராக் கடை ஒன்றில் பிரிண்ட் போட்டேன். கடைப்பையன் பக்காலிப் படத்தைத்தான் வெகுநேரம் பார்த்தான். சிலேட்டுப் படத்தில் முகம் இருட்டாக இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்டான். முகம் கொஞ்சம் வெளுக்கட்டும், கரையைத் தொடாதே என்றேன். சித்தப்பாவிடம் காட்டினேன். இந்த முறை காபி என்று சொல்லவில்லை. சிலேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நாற்பது வருடம் வங்காளத்தில் இருந்தவருக்கு அந்த எண்களைப் படிக்கத் தெரியாதா என்ன. படித்துவிட்டு, எத்தனை அடி என்றார். முப்பது என்றேன்.

மூன்று பிரதிகள் தபாலில் அனுப்பினேன். சட்டம் போடக் கேட்டவருக்குச் சவுக்குப் படத்தையும் அனுப்பினேன். கேட்டதை மறுக்க மனம் வரவில்லை. டீக்கடை இடது பக்கமா வலது பக்கமா என்று மட்டும் பின்னால் ஒரு வரி எழுதி வைத்தேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் தொலைபேசி வந்தது. படங்கள் கிடைத்துவிட்டன, மனுவோடு ஒன்றை இணைத்தாயிற்று, பதில் இன்னும் வரவில்லை. வீட்டின் மூங்கிலைப் பிரித்துக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். பேத்திக்கு மட்டும் என்மேல் ஒரு குறை. படத்தில் அவள் கண்ணை மூடியிருக்கிறாளாம். அடுத்த முறை வரும்போது இன்னொன்று எடுத்துத் தர வேண்டுமாம். எடுக்கலாம், ஆனால் வேறு இடத்தில் நிறுத்தித்தான் எடுக்க வேண்டும் என்றார் தாத்தா. அவள் நின்றிருந்த இடம் பங்குனிப் பௌர்ணமி ஓதத்தில் போய்விட்டதாம்.